மூலன் மனைவியின் வழக்கு

(மயிலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். நேரம் கருதி மேடையில் விட்டுவிட்ட சில பகுதிகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



அழைப்பிதழில் என் தலைப்பு ‘தமிழ் மரபில் சித்திகளும் சொற்போரும்’ என்று இருக்கிறது. அது அச்சகத்துக்காகக் கொடுத்தது. நான் பேச வந்தது ஒரு விளையாட்டைப் பற்றி. காலையில் கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் இறங்கி மயிலம் பஸ்ஸுக்காக நின்றேன். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் இரண்டு பையன்கள்.

“பறக்கறதா, மறையறதா? ஒண்ணுதான். எது வோணும்?”

“பறக்கறது.”

“எவ்ளோ ஒசரம்?”

“பனமரம் ஒசரம்.”

“பையத் தூக்கிக்கினு பறப்பியா?”

“பை இல்லாம.”

“அப்ப உன் பை மட்டும் பஸ்ல வருமா? அதுக்கு டிக்கெட் யாரு எடுப்பா?”

பறக்கிறவன் யோசனையில் ஆழ்ந்துவிட்டான். பஸ் வந்து நாங்கள் ஏறிய பிறகும் யோசித்துக்கொண்டிருந்தான். இவர்கள் ஆசையைப் பேசவே இல்லை என்பதைக் கவனித்தேன். ஆசை முதல் கேள்வியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சட்டசபை. எவ்வளவு உயரம், எவ்வளவு சுமை, செலவு யார் தலையில்? இந்த விளையாட்டின் ருசியே வித்தையில் இல்லை, வித்தைக்கு விதி போடுவதில் இருக்கிறது.

தர்க்கம் என்ற சொல்லை நாம் வாய்ச்சண்டை என்ற பொருளில் புழங்கித் தேய்த்துவிட்டோம். நியாய நூலார் அதை மிகக் குறுகலான ஒரு பொருளில் வைத்திருந்தார்கள். மலையில் புகை தெரிகிறது. அங்கே நெருப்பு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் புகையும் இருக்கக் கூடாதே! இப்படி இல்லாததை ஒரு கணம் இருப்பதாக வைத்து, அது எங்கே போய் முட்டுகிறது என்று பார்ப்பதற்குத்தான் அவர்கள் தர்க்கம் என்று பெயர் வைத்தார்கள். நம் அணியிலக்கணத்தில் இல்பொருள் உவமை இருக்கிறது. உலகத்தில் இல்லாத பொருளைக் கொண்டுவந்து இருக்கும் பொருளுக்கு உவமையாக்குவது. ஆக, ‘வைத்துக்கொள்வோம்’ என்று தொடங்குகிறவனுக்கு நம்மிடம் தர்க்க நூலிலும் இடம் உண்டு, அணி நூலிலும் இடம் உண்டு. திண்ணையில் இடம் உண்டு என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இந்த ஊரில் இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. எதிரே நிற்கிற மலையே அப்படிப்பட்ட ஒரு கேள்வியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. கந்தபுராணத்துச் சூரபத்மன் 1008 அண்டங்களை 108 யுகம் ஆள்வதற்கு வரம் வாங்கியவன். வச்சிர உடம்பும் வாங்கினான். கேட்பதற்கு இனி ஒன்றும் பாக்கி இல்லை என்கிற நிலை. அவன் தோற்ற பிறகு, முருகனுக்கு மயிலாக வேண்டும் என்று மலை வடிவாகவே தவம் கிடந்த இடம் இது, மயூராசலம் என்கிறது தலபுராணம். எல்லா வல்லமையும் இருந்தவன் கடைசியில் என்ன கேட்டான்? ஒருவரைச் சுமக்க முதுகு கேட்டான். அதே தலபுராணத்தில் பாலசித்தர் இருக்கிறார். சித்தர் என்றால் சித்தி கைவந்தவர். அவர் அதை எதற்குப் பயன்படுத்தினார் என்று பார்த்தால், வள்ளி தெய்வானைக்கு அடைக்கலம் கொடுத்து, தேடி வந்தவர் இன்னார் என்று தெரியாமல் முருகனோடே மல்லுக்கு நின்றிருக்கிறார். பக்தியோடு கேட்டால் இது திருவிளையாடல். வழக்காடும் புத்தியோடு கேட்டால், சித்தி கிடைத்தால் வாசலில் வந்து நிற்பவனை அடையாளம் காணும் புத்தியும் சேர்ந்து வருமா என்ற கேள்வி எழும். மயிலத்தில் நின்று இதைக் கேட்கலாம். ஆதீனம் தமிழுக்கென்று 1938இல் கல்லூரி வைத்த ஊர் இது. கேள்வி கேட்டதற்காக இங்கே யாரும் கோபித்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

நம் மரபில் இந்த மாதிரி வழக்குகளைக் கிளப்புகிற வேலை பெரும்பாலும் பேய்களிடம் இருந்தது. இது என் கண்டுபிடிப்பு. தவறென்றால் தமிழாசிரியர்கள் மன்னிக்க வேண்டும். மேல்சித்தாமூர் இங்கிருந்து வெகுதூரம் இல்லை. தமிழ்ச் சமணருடைய மடம் இருக்கிற ஊர். அவர்களுடைய வாத நூலான நீலகேசியில் நாயகி யார்? ஒரு பேய். சுடுகாட்டில் தவம் செய்யும் முனிவரைப் பயமுறுத்தி ஓட்ட வந்து, தோற்று, அவர் சொன்ன அறத்தை ஏற்றுக்கொண்டு, ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர் முதலான மற்றச் சமயத்தாரை வாதுக்கு இழுக்கிறாள். ஒரு பேய்க்கு உருவம் மாற்றத் தெரியும், ஆளை அலற வைக்கத் தெரியும். அதையெல்லாம் விட்டுவிட்டு அவள் வாதத்தைத் தொழிலாக எடுத்துக்கொண்டாள்.

இன்னொரு பேய் உங்கள் எல்லோருக்கும் தெரிந்தது, வேதாளம். சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் கதாசரித்சாகரத்தில் அதைச் சேர்த்தார். நமக்குப் பெரிய எழுத்துப் புத்தகத்தில் வந்தது. பிறகு 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவில் மாதம் தவறாமல் பல பத்தாண்டுகள் வந்தது. ஓவியர் சங்கர் வரைந்த படம் கண்ணை மூடினால் வரும். தோளில் பிணம், கையில் வாள், கண்ணில் சலிப்பில்லாத ராஜா. வடமொழிக் கதையில் அந்த மரம் சிம்சுபா. தமிழுக்கு வந்ததும் அது முருங்கை ஆகிவிட்டது. இதை நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். முருங்கைக் கிளை காய் பறிக்கிற பையனையே தாங்காது, பட்டென்று முறியும். அதில் ஒரு பிணத்தைத் தொங்கவிட்டானே தமிழன், அவனுக்கு எத்தனை தைரியம்!

வேதாளம் போட்ட விதியைப் பாருங்கள். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். சொன்னால் மௌனம் கலையும், வேதாளம் மரத்துக்குப் போய்விடும். சொல்லியே ஆக வேண்டும், சொன்னால் நட்டம். இதைவிடக் கறாரான வாதவிதியை நான் படித்ததில்லை. அந்தக் கதைகளில் பாதிக்கு மேல் நம் கூட்ரோட்டுப் பையன்களின் கதைதான். ஒருவன் எலும்பில் சதை ஏற்றுவான், ஒருவன் தோலும் மயிரும் வரவைப்பான், ஒருவன் அவயவம் பூட்டுவான், ஒருவன் உயிர் கொடுப்பான். நான்கு அண்ணன் தம்பிகள். காட்டில் கிடந்த எலும்பில் வித்தையைக் காட்டினார்கள், சிங்கம் எழுந்து நான்கு பேரையும் தின்றது. வேதாளம் வித்தையைப் பாராட்டவில்லை. பாவம் யாருக்கு என்று கேட்டது. கடைசித் தம்பிக்கு என்றான் ராஜா. மற்றவர்கள் வேலை செய்தபோது அது என்ன பிராணி என்றே தெரியாது. உயிர் கொடுத்தவன் முன்னால் சிங்கம் முழு உருவாகக் கிடந்தது. தெரிந்து செய்தவன் அவன் ஒருவனே.

இன்னொரு வழக்கு. ஒருத்தியின் கணவனும் தமையனும் கோயிலில் தலையை வெட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். அவளும் சாகப் போகும்போது, தலைகளைப் பொருத்து, பிழைப்பார்கள் என்று அம்பிகையின் வாக்கு வருகிறது. பதற்றத்தில் தலையை மாற்றிப் பொருத்திவிட்டாள். இப்போது கணவன் யார்? எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பதால் தலை உள்ளவனே கணவன் என்று ராஜா தீர்ப்புச் சொன்னான். தாமஸ் மன் என்ற ஜெர்மன் எழுத்தாளர் 1940இல் இதை எடுத்து எழுதினார். தமையனுக்குப் பதில் நண்பன். 1971இல் கிரீஷ் கர்னாட் ‘ஹயவதனா’ நாடகம் ஆக்கினார். இரண்டு பேருமே ராஜாவின் தீர்ப்போடு நிறுத்திக்கொள்ளவில்லை. சரி, தீர்ப்புப்படி வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள், மறுநாள் காலையில் என்ன நடக்கும் என்று கேட்டார்கள். மேல்முறையீடு என்றால் இதுதான்.

கிரேக்கத்தில் பிளேட்டோ ஒரு மோதிரக் கதை சொல்கிறார். ஆட்டிடையன் ஒருவனுக்குக் கிடைத்த மோதிரத்தைத் திருகினால் ஆள் மறைந்துவிடுவான். அவன் அரண்மனைக்குப் போய், அரசியைக் கைக்கொண்டு, அரசனைக் கொன்று, நாட்டைப் பிடித்தான். நல்லவன் கையில் அந்த மோதிரம் கிடைத்தால் நல்லவனாகவே இருப்பானா என்பது அங்கே கேள்வி. பெரிய கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அரசியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மோதிரம் போட்டவனை விட்டு அந்தக் கேள்வி வெளியே வரவே மாட்டேன் என்கிறது. வேதாளத்தின் கண்ணோ எப்போதும் பக்கத்தில் நிற்பவன் மேல்.

தாயுமானவர் ஒரு பாட்டில் வரிசையாக வித்தைகளை அடுக்குகிறார். மதயானையை நடத்தலாம், கரடி புலி வாயைக் கட்டலாம், பாம்பை ஆட்டலாம், வேறு உடம்பில் புகலாம், நீர்மேல் நடக்கலாம் என்று ‘லாம், லாம்’ என்றே போகும். மனத்தை அடக்குவது மட்டும் அரிது என்று முடியும். பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம். நடுவில் ஒன்று வரும். ரசவாதம் செய்து உலோகத்தை மாற்றலாம் என்பதோடு அவர் விடவில்லை, அதை விற்றுச் சாப்பிடலாம் என்கிறார். திருச்சிராப்பள்ளி அரண்மனையில் கணக்குப் பார்த்தவர் என்பது அங்கே தெரிகிறது. தங்கம் செய்தவனும் சந்தைக்குப் போக வேண்டும், வாங்குகிறவன் ஒருவன் வேண்டும்.

கதையை விடுங்கள். அரிய திறனை நிஜமாகவே மேடையில் வைத்துச் சோதித்த வழக்கம் நம்மிடம் இருந்தது. அவதானம் என்றும் கவனகம் என்றும் சொல்வோம். நாகர்கோவில் இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச்சில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தார். நூறு பக்கத்திலிருந்து வரும் கேள்விகளை ஒரே மனத்தில் வைத்திருந்து விடை சொல்வது. இஸ்லாமியரான அவரைச் சீண்டிப் பார்க்க, துருக்கனுக்கு ராமனைத் துணையாக்கி முடியும்படி ஒருவர் ஈற்றடி கொடுத்தார் என்றும், பாவலர் ‘சத்’ என்ற ஓர் அசையை முந்தின அடியின் கடைசியில் வைத்து, துருக்கனைச் சத்துருக்கன் ஆக்கி ராமனின் தம்பியாக்கிவிட்டார் என்றும் சொல்வார்கள். நம் காலத்தில் பார்வையில்லாத திருக்குறள் இராமையா இருந்தார், அவர் மகன் பதினாறு கவனகர் கனகசுப்புரத்தினம் இருந்தார்.

நான் பள்ளியில் படித்தபோது திண்டிவனத்தில் ஒரு கவனக நிகழ்ச்சி நடந்தது. முன்வரிசையில் இருந்த என்னைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார்கள். கவனகரின் முதுகின் மேல் சின்னச் சின்னக் கற்களை நினைத்தபோது போட வேண்டும், கடைசியில் அவர் எண்ணிக்கை சொல்வார். அவரோ ஒருபுறம் வெண்பாவுக்கு அடி சொல்கிறார், ஒருபுறம் தேதி சொன்னால் கிழமை சொல்கிறார், மறுபுறம் மணியடிப்பதை எண்ணுகிறார். நான் வாயைப் பிளந்து பார்த்தபடி போட்டுக்கொண்டே இருந்தேன். முடிவில் அவர் திரும்பி, “தம்பி போட்டது முப்பத்தேழு. சரியா தம்பி?” என்றார். சபை முழுவதும் என்னைப் பார்த்தது. எண்ண வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. தலையை ஆட்டினேன். கைதட்டல் கூரையைப் பிளந்தது. அவர் மட்டும் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவர் எண்ணியது சரியாகவே இருந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அதற்குச் சாட்சி உலகத்தில் ஒருவன்தான், அவன் எண்ணவில்லை. நூறு கவனம் உள்ளவருக்கும் எதிரே ஒரு கவனம் உள்ளவன் தேவைப்படுகிறான்.

பட்டிமன்றத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், கொஞ்சம் மட்டும். மணிமேகலை காலத்துப் பட்டிமண்டபத்தில் ஏறுவதற்கு ஒரு முறை இருந்தது. காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் கம்பன் கழகம் தொடங்கினார். அந்த வழியில் வளர்ந்த மேடைகளில் வாலியும் கைகேயியும் கூண்டில் ஏறினார்கள். இன்று பண்டிகை நாளில் மாமியாரா மருமகளா என்று நடக்கிறது. சிரிக்கிறோம், நானும் சிரிக்கிறேன். ஆனால் சிரித்துவிட்டு எழுந்த பிறகு யாராவது இரவில் அதை நினைத்துப் புரண்டு படுத்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்படிப் புரண்டு படுத்த இரவு ஒன்று எனக்கு இந்த ஊரில் வாய்த்தது. நான் இங்கே புலவர் வகுப்பில் இருந்தேன். தேர்வுக்குப் பத்து நாள். விடுதியில் கரண்ட் போய்விட்டது. முற்றத்தில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்தோம். அவித்த மல்லாட்டை ஒரு முறம் இருந்தது. பெரியபுராணம் பாடம் நடந்துகொண்டிருந்த சமயம். கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தை கிடைத்தால் யார் யார் எந்த உடம்பில் புகுந்து தேர்வு எழுதுவது என்று தொடங்கியது. நடுவராகச் சமையல்காரரை உட்கார வைத்தோம். அண்ணே என்போம், எங்களைவிட முப்பது வயது மூத்தவர்.

முதலில் விதி போட்டார்கள். பாய்ந்து போனால் உன் உடம்பை யார் காப்பது? அருணகிரியார் கிளி உடம்பில் போய்ப் பாரிசாத மலர் கொண்டுவருவதற்குள் இங்கே உடம்பை எரித்துவிட்டார்கள் என்பது கதை. ஆக, காவலுக்கு ஆள் இல்லாமல் பாயக் கூடாது. காவல் இருப்பவன் தேர்வு எழுத முடியாது. அவன் மதிப்பெண்ணுக்கு யார் பொறுப்பு? அங்கேயே பாதிப் பேர் வித்தை வேண்டாம் என்று விலகிக்கொண்டார்கள். அப்போது விருத்தாசலம் பக்கத்திலிருந்து வந்த நண்பன் ஒருவன், அதிகம் பேசாதவன், கேட்டான்.

“மூலன் பொண்டாட்டி கணக்கு என்னாச்சு?”

கதை உங்களுக்குத் தெரியும். கயிலையிலிருந்து அகத்தியரைப் பார்க்கப் பொதிகைக்குப் புறப்பட்ட யோகி, ஆவடுதுறையைத் தொழுதுவிட்டுக் காவிரிக் கரையோடு வருகிறார். சாத்தனூர் மாடு மேய்க்கும் மூலன் செத்துக் கிடக்கிறான், மாடுகள் சுற்றி நின்று கதறுகின்றன. மாட்டின் துயரம் பொறுக்காமல் தன் உடம்பைப் பத்திரமாக ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலன் உடம்பில் புகுந்தார். மாடுகள் துள்ளின. மாலையில் அவை தத்தம் வீட்டுக்குப் போயின. அவர் ஊருக்கு வெளியே நின்றார். நேரமாயிற்றே என்று தேடி வந்தாள் மூலன் மனைவி. தொட வந்தாள். உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் பொதுமடத்துக்குள் போய்விட்டார். இரவெல்லாம் அவள் தூங்கவில்லை. மறுநாள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட்டாள். அவர்கள் வந்து பார்த்து, இவர் யோகத்தில் இருக்கிறார், இனி உன்னோடு சேர மாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். அவர் தன் உடம்பைத் தேடிப் போனால் அது அங்கே இல்லை. பிறகு நமக்குத் திருமந்திரம் கிடைத்தது. அவளைப் பற்றிச் சேக்கிழாரும் அதற்குமேல் சொல்லவில்லை, பெயரும் சொல்லவில்லை.

ஒருவன் வேதாளக் கதையில் ராஜா சொன்ன தீர்ப்பை எடுத்தான். சிரசே பிரதானம் என்றால் இங்கே சிரசு மாறவே இல்லையே! தலை மூலனுடையது, உடம்பு மூலனுடையது, அவன் கணவன்தான், வீட்டுக்கு வந்தாக வேண்டும். இன்னொருவன் எழுந்தான். உயிர் போனபோதே தாலி போயிற்று, இவர் அந்நியர், தொட மறுத்ததுதான் தர்மம். அப்படியானால் அன்று மாலையே, உன் புருஷன் செத்துவிட்டான் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டாமா என்றான் விருத்தாசலத்துக்காரன். மாடு அழுததைப் பார்த்துப் பொறுக்காதவர், மனுஷி அழுததற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று மட்டும் சொன்னது எந்த நியாயம்? மூவாயிரம் பாட்டு கிடைத்ததே என்றான் வேறொருவன். அது நமக்குக் கிடைத்தது, அவளுக்கு என்ன கிடைத்தது என்று பதில் வந்தது. சைவ சித்தாந்தம் ஊறிய ஒரு நண்பன் கோபித்துக்கொண்டு எழுந்து போய், கிணற்றடி வரைக்கும் நடந்து, திரும்பி வந்து உட்கார்ந்தான். அவனுக்கும் பதில் தெரிய வேண்டியிருந்தது.

இரவு ஒரு மணி இருக்கும். மல்லாட்டைத் தோல்தான் மிச்சம். தீர்ப்பு சொல்லுங்கள் அண்ணே என்றோம். அவர் இவ்வளவு நேரமும் முறத்தின் விளிம்பில் துருத்திய பிரம்பை நகத்தால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

“டேய், எனக்குப் படிப்பு தெரியாது. ஒண்ணு கேக்கறன். மாடெல்லாம் வூட்டுக்கு வந்துடுச்சி. இவன் வரல. அந்தப் பொம்பள சோறாக்கி வச்சிட்டுத்தான தேடிக்கினு போயிருப்பா?”

ஆமாம் என்றோம்.

“அந்தச் சோத்த இன்னா பண்ணா?”

யாரும் பேசவில்லை. சேக்கிழாரைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவர்கள் மூன்று பேர் அங்கே இருந்தார்கள். அவர் விளக்கை எடுத்துக்கொண்டு எழுந்தார். விடிந்தால் நாற்பது பேருக்கு உலை வைக்க வேண்டும், தண்ணீர் இறைத்து வைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே அடுக்களைப் பக்கம் போனார்.